உஷார்! சுகர் இறங்கிவிட்டதென்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள்

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தினம் நாலு ஊசி, விரல்நுனியில் குத்திக் குத்திப் பரிசோதனை என்று வீடு அதற்குப் பழகத் தொடங்கியிருக்கும். ஒருநாள் சுகர் நோட்டைப் புரட்டினால், 240, 210 என்றிருந்த எண்கள் 110, 95 என்று இறங்கியிருக்கின்றன. டாக்டரும் இன்சுலினைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். இதற்கிடையில் பெரியம்மா கொடுத்தனுப்பிய சூரணத்தைத் தினமும் வெந்நீரில் கலக்கிக் கொடுத்து வந்திருக்கிறீர்கள்.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல! இனிமே எதுக்கு பச்சப்புள்ளைக்கு ஊசி?" என்று பெரியம்மாவிடமிருந்து போன் வருகிறது.

உஷார்! பல வீடுகள் சறுக்குவது இங்கேதான்.

அந்த எண்களை இறக்கியது சூரணம் இல்லை. டாக்டர்கள் இதை 'ஹனிமூன்' காலம் என்கிறார்கள். எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ! உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகையென்று நினைத்து அழிப்பதுதான் டைப் 1. நோய் தெரியவரும்போது கொஞ்சம் செல்கள் மிஞ்சியிருக்கும். ஊசிவழி இன்சுலின் போனதும் அவற்றின் பாரம் குறைந்து, திரும்பவும் சுரக்கின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்காது. நடந்தால் சில வாரம், சில மாதம், அபூர்வமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஓடும். அப்புறம் மிஞ்சியவையும் அழிந்துபோகும். பேர் சூரணக்காரருக்கு, பாடு பிள்ளைக்கு.

ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே நிலைமை கைமீறலாம். சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரிக்க, கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது. தாகம், ஓயாமல் சிறுநீர், வயிற்றுவலி, வாந்தி. 'நேத்து தின்ன பரோட்டா ஒத்துக்கல' என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விடுகிறதா, வாயில் அழுகின பழ வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உடனே 108. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடாத நாளிலும் ஊசியை அடியோடு விட்டுவிடக்கூடாது. டாக்டருக்குப் போன் போட்டு அளவைக் கேளுங்கள்.

1922-ல் கனடாவின் டொரன்டோ நகரில், 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்குமுன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைக்க வழியே இருந்ததில்லை. கஷாயமும் சூரணமும் அப்போதும் இருந்தனதான்.

மருந்துக்கடையிலும் ஒரு உஷார் இருக்கிறது. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட்! வியர்த்து, கை நடுங்கி, பிள்ளை துவண்டுவிடும். சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதை வகுப்பு டீச்சருக்கும் சொல்லி வையுங்கள்.

'சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கிறோம்' என்று மருந்துக்கு விளம்பரம் போடுவதையே 1954-ல் வந்த சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

பெரியம்மாவோடு சண்டை போட வேண்டாம். பாசத்தில் சொல்கிறார். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூடவே கூட்டிப்போங்கள். சூரண டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.