யூரியா ஊற்றினால் புகை ஏன் அடங்குகிறது?

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் கேட்டிருக்கிறார்: "வயலுக்குப் போடுற யூரியாவை வண்டிக்கு எதுக்குங்க ஊத்தச் சொல்றாங்க? நாமே கரைச்சு ஊத்திக்கலாமா?"

டெல்லிக்கு லோடு ஏற்றுகிறவர்களுக்கு இது பிழைப்புச் சமாச்சாரம். வெளிமாநிலப் பதிவுள்ள சரக்கு வண்டிகளில் பிஎஸ் (பாரத் ஸ்டேஜ் என்னும் புகைத் தரம்) 3-உம் அதற்கு முந்தையவையும் 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் நுழைய முடியாது. பிஎஸ் 4-க்கு 2026 அக்டோபர் 31 வரை கெடு. அதன்பின் டீசல் என்றால் பிஎஸ் 6 மட்டும். பிஎஸ் 4 கனரக இன்ஜினுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதி இருந்தது; பிஎஸ் 6-இல் அது அரை கிராமுக்கும் கீழே. இந்தச் சரிவில் பெரும்பங்கு இன்ஜினுடையது அல்ல, புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் வினையூக்கியுடையது.

அந்த வினையூக்கியின் வரலாறு நீளம், சுருக்கிவிடுகிறேன். முதலில் பிளாட்டினத்தை முயன்றார்கள். 1970-களில் ஜப்பானியர் டைட்டானியம் ஆக்சைடின் மேல் வனேடியம் ஆக்சைடைப் பூசினார்கள். அது நிலைத்தது. போதும்.

இனிதான் ரசமான இடம். 32.5 சதவீத யூரியாக் கரைசல் சூடான குழாயில் பீய்ச்சப்பட்டதும் அமோனியாவாக உடைகிறது. வனேடியத்தை நம்மூர் லாரி புக்கிங் ஆபீஸ் புரோக்கராக வைத்துக்கொள்வோம். அமோனியா, ஆபீஸ் வாசலில் இறக்கிவைத்த லோடு. நைட்ரிக் ஆக்சைடு, அந்தப் பக்கமாகப் போகும் காலி வண்டி. லோடு அமிலத்தன்மையுள்ள திண்ணையில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். வண்டியோ நின்று உட்காராது. போகிற போக்கில் வந்து மோதும். புரோக்கர் அமோனியாவிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைக் கமிஷனாக உருவிக்கொள்கிறார். உடனே இரண்டும் இணைந்து, நைட்ரஜனும் நீராவியுமாகப் பிரிந்து போய்விடுகின்றன. கமிஷனைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த லோடு பார்க்க முடியாது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் வந்து அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கித் தண்ணீராக்கிக்கொண்டு போகிறது. புரோக்கர் பழையபடி வெறுங்கையோடு அடுத்த ஆளுக்குக் காத்திருக்கிறார். (கமிஷனைப் பறிகொடுத்துவிட்டுச் சிரிக்கும் புரோக்கரை நாமக்கல்லில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உவமை இங்கே குடைசாய்கிறது என்று எனக்கும் தெரியும்.)

என்னை மயக்குவது இந்தக் கணக்குதான்: பிறக்கும் நைட்ரஜன் மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றில் ஓர் அணு விஷப்புகையிலிருந்து வருகிறது, மற்றது யூரியாவிலிருந்து. இது ஊகமில்லை. எடை கூடிய நைட்ரஜனால் அடையாளமிட்ட அமோனியாவை அனுப்பிப் பார்த்தார்கள். வெளியே வந்த மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒரு கனத்த அணுவும் ஓர் இலேசான அணுவும் சேர்ந்த ஜோடிகளாகவே இருந்தன.

இதே ஜோடி டெல்லியின் குளிர்கால வானத்திலும் சந்திக்கிறது. வண்டிகள் விடும் நைட்ரஜன் ஆக்சைடு காற்றில் நைட்ரிக் அமிலமாகிறது. கங்கைச் சமவெளியின் வயல்களும் மாட்டுத் தொழுவங்களும் அமோனியாவை அள்ளி விடுகின்றன. நடுவில் புரோக்கர் இல்லை. பிறப்பது அமோனியம் நைட்ரேட் என்னும் நுண்துகள்; மூச்சோடு உள்ளே போகும் சரக்கு. ஆகவே யூரியாவை அளவுக்கு மீறிப் பீய்ச்சி, மிஞ்சிய அமோனியாவைத் தெருவில் விட்டாலும் தப்புதான்.

"புதிய ஆக்சைடு வினையூக்கி 99 சதவீதம் சுத்தம் செய்கிறது" என்று செய்தி வந்தால் நான் முதலில் கேட்பது, எந்தச் சூட்டில்? வனேடியம் ஆபீஸில் வியாபாரம் களைகட்டுவது 300 முதல் 400 டிகிரியில். டெல்லியின் ஆசாத்பூர் மண்டிக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரியின் புகைக்கு அந்தச் சூடு கிடையாது. 200-க்கும் கீழே போனால் யூரியா பீய்ச்சுவதையே நிறுத்திவிடுவார்கள், குழாயில் கட்டிதட்டும். மாங்கனீசு ஆக்சைடு 150 டிகிரியிலேயே கடை திறக்கும். ஆனால் கந்தகம் பட்டால் சுருண்டுவிடும். நைட்ரஸ் ஆக்சைடையும் கக்கும், புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டைஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு கெட்டது. சீரியம் கலந்து தேற்றப் பார்க்கிறார்கள். ஆய்வகத்தின் சுத்தமான வாயுவில் சில மணி நேரம் ஓடியதை வைத்து லாரியின் லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. பிஎஸ் 6 வண்டிகள் பலவற்றில் வனேடியத்தின் இடத்தைச் செம்பேற்றிய சியோலைட் பிடித்ததற்கும் காரணம் தாக்குப்பிடிக்கும் திறன்தான்: கரித்துகள் வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும்போது எழும் சூட்டை வனேடியம் தாங்காது.

சோதனைச்சாலை வேறு, சாலை வேறு. 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டெல்லியிலும் குருகிராமிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைச் சாலையிலேயே எடுத்திருந்தார்கள். புகையே தெரியாத சிஎன்ஜி சரக்கு வண்டிகளில் ஒரு வகை, அனுமதித்த அளவைப்போல 14 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது.

ஓட்டுநருக்குப் பதில்: கரைத்து ஊற்றாதீர்கள். மூட்டை யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு பீய்ச்சுமுனையை அடைக்கும். அதிலுள்ள சோடியம், அமோனியா உட்காரவேண்டிய திண்ணையில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்காது. கடையில் கேனில் விற்கும் தயார் கரைசலின் விலை கசக்கும், தெரியும். முத்திரை உடையாததாகப் பார்த்து வாங்குங்கள்.