கொடி நான்கு தடவை மாறிய ஊர்

2019ஆம் ஆண்டு ஆவணி மாதம், என் சின்னம்மாவின் மகளைப் பார்ப்பதற்காகப் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குப் போயிருந்தேன். அல்சாஸ் என்னும் எல்லைப் பிரதேசத்தின் பெரிய நகரம் அது. ரைன் ஆற்றைக் கடந்தால் அக்கரை ஜேர்மனி. பாலத்தில் மக்கள் சைக்கிளில் போய்ச் சாமான் வாங்கி வருகிறார்கள். சோதனைச்சாவடிகளிலே இறங்கி ஏறிப் பழகிய எனக்கு அதுவே பெரிய புதினமாக இருந்தது.

ஆனால் அந்த எல்லை என்றும் அப்படி இருந்ததில்லை. 1871இல் அல்சாஸ் பிரான்சிடமிருந்து ஜேர்மனிக்குப் போனது. 1918இல் மீண்டும் பிரான்ஸ். 1940இல் ஹிட்லரின் ஜேர்மனி. 1944, 45இல் திரும்பவும் பிரான்ஸ். 1870இல் அங்கு பிறந்து 75 வயது வரை வாழ்ந்த ஒரு பெண், தன் வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு தடவை நாடு மாறியிருப்பாள். அவளிடம் யாரும் விருப்பம் கேட்டிருக்கமாட்டார்கள். சகோதரிகளே, அந்த ஊரின் கோட்டையையும் நூதனசாலைகளையும் நான் இந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

தங்கையின் கணவர் முதலில் கூட்டிப்போனது ஓ-கேனிக்ஸ்பூர்க் என்ற மலைக்கோட்டைக்கு. 12ஆம் நூற்றாண்டுக் கோட்டை. 1633இல் சுவீடன் படைகள் முற்றுகையிட்டு எரித்த பின் இடிபாடாகக் கிடந்தது. 1899இல் அதை ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1900 முதல் 1908 வரை அவர் அதைத் திருத்திக் கட்டுவித்தார். இந்த மண் எங்களுடையது என்று காட்டத்தான், வேறென்ன? உள்ளே வாள்களும் ஈட்டிகளும் நிறைய. எனக்குப் பிடித்தது கிணறுதான். 62 மீற்றர் ஆழம், பாறையைக் குடைந்து தோண்டியது. அதில் தண்ணீர் இறைத்தவர்களின் கைகளைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு மண்டபத்தில், குளிருக்கு நெருப்பு மூட்டும் இடத்தின் இரும்புத் தட்டியில் பேரரசர் பொறிக்கச் செய்த ஒரு வாசகம் இருக்கிறது: "இதை நான் விரும்பவில்லை." முதலாம் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918இல் அங்கு வந்தபோது அவர் செய்வித்தது. எத்தனையோ லட்சம் பிள்ளைகள் செத்த பிறகு!

அடுத்து கொல்மார் நகரின் உண்டர்லிண்டன் நூதனசாலை. அது முன்பு கன்னியர் மடம். 13ஆம் நூற்றாண்டில் கணவனை இழந்த இரு பெண்கள் தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சியில் கன்னியர் வெளியேற்றப்பட்டனர். 1853 முதல் நூதனசாலையாக இருக்கிறது. மத்தியாஸ் குரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த இசென்ஹைம் பீட ஓவியத்தைப் பார்க்கவே உலகமெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

அந்த ஓவியம் அரண்மனைக்காக வரையப்பட்டதல்ல. நோயாளரைப் பராமரித்த ஒரு துறவு மடத்துக்காக வரையப்பட்டது. அக்காலத்தில் 'அந்தோனியார் நெருப்பு' என்றொரு நோய் இருந்தது. ரை என்ற தானியத்தில் பிடிக்கும் பங்கசினால் வருவது. காரணம் அப்போது எவருக்கும் தெரியாது. அந்தத் தானியத்தில் சுட்ட பாணைத் தின்ற ஏழைகளின் கைகால்கள் நெருப்பாய் எரிந்து, கறுத்து, அழுகிப்போகும். பலருக்கு வெட்டி அகற்றவேண்டி வரும். இப்படி வந்தவர்களை அந்த ஓவியத்தின் முன்னால் கொண்டுபோய் விடுவார்களாம். சிலுவையில் தொங்கும் யேசுவின் உடம்பெல்லாம் காயம், விரல்கள் வலியில் விறைத்து நிற்கின்றன. கீழே, கிடத்திய உடலைக் காட்டும் பலகை இரண்டாகத் திறக்கும்போது கால்கள் துண்டாவதுபோலத் தோன்றும், காலிழந்தவர்களுக்காகவே ஓவியர் அப்படி அமைத்திருக்கலாம் என்று கலை ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். மிதிவெடியில் காலை இழந்த எத்தனையோ பெண்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். நாம் கும்பிடும் படங்களில் எல்லோரும் முழு உடம்போடுதான் இருக்கிறார்கள். அந்த ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். தங்கை வந்து, "அக்கா, கடை பூட்டப்போறாங்கள்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஷிர்மெக் என்ற சிற்றூரில், 2005இல் திறந்த அல்சாஸ்-மொசெல் நினைவகம் இருக்கிறது. வழிகாட்டி சொன்னதைத் தங்கை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். 1939 செப்டெம்பரில் எல்லையோர மக்கள் லட்சக்கணக்கில் தென்மேற்குப் பிரான்சுக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள். ஆளுக்கு 30 கிலோ சாமான்தான். ஆடுமாடு, அறுவடை எல்லாம் விட்ட இடத்தில். போன இடத்தில், சொந்த நாட்டவர்களே அவர்களின் ஜேர்மன் சாயல் பேச்சைக் கேட்டு 'யா-யா' என்று பட்டம் வைத்தார்கள். ஒரு பையுடன் வெளிக்கிட்டவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1942 ஆவணியிலிருந்து அல்சாஸ், மொசெல் இளைஞர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் பேரை ஜேர்மன் படைக்குக் கட்டாயமாகப் பிடித்தார்கள். ஒளித்தால் தாய் தகப்பனை நாடு கடத்துவார்கள். பெரும்பாலானோரை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரும்பவில்லை. கைதியாயிருந்து கடைசியாக வந்தவர் வீட்டுப் படியேறியது 1955இல். போர் முடிந்து பத்து வருடம்! அத்தனை காலமும் அவருடைய வீட்டில் சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பெண்களையும் விடவில்லை. ஏறத்தாழ 15 ஆயிரம் இளம்பெண்கள் கட்டாய வேலைச் சேவைக்குப் பிடிக்கப்பட்டார்கள். பலர் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். ஆண்களுக்கான நட்டஈடு பற்றி 1981இலேயே இரு நாடுகளும் உடன்பட்டன. பெண்களுக்கு 2008இல்தான் ஒரு வழி பிறந்தது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 800 யூரோ. அப்போது அவர்களுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நமது பெண்களிடம் இதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கடைசி நாள், ஸ்ட்ராஸ்பூர்க்கின் குடியரசுச் சதுக்கத்துக்குப் போனோம். நடுவில் 1936இல் திறந்த போர் நினைவுச் சிலை. ஒரு தாய், அவள் மடியில் சாகும் நிலையில் இரு மகன்கள். ஒருவன் ஜேர்மனிக்காகவும் மற்றவன் பிரான்சுக்காகவும் போரிட்டவன். இருவருக்கும் உடுப்பில்லை, ஆகவே எவன் எந்தப் படை என்று சொல்லமுடியாது. கைகள் மட்டும் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. பிரான்சின் மற்ற ஊர்களில் "பிரான்சுக்காக உயிர்நீத்தோர்" என்று எழுதுவது வழக்கம். இங்கே "எமது இறந்தோருக்கு" என்று மட்டுமே.

ஊர் திரும்பி, வன்னியில் நான் போய்வரும் கிராமத்துப் பெண்கள் குழுவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். இரண்டு மகன்களைப் பெற்ற ஒரு அம்மா அங்கே இருக்கிறார். இருவரையும் 2009இன் பின் யாரும் காணவில்லை. படத்தைக் கையில் வாங்கி, கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"எந்த நாட்டுக்காகச் செத்தவையெண்டு அதில எழுதேல்லையோ, பிள்ளை?"

"இல்லை அம்மா. தங்கட பிள்ளையள் எண்டு மட்டும்தான்."

"எழுதாமலும் வைக்கலாம் என்ன" என்றார். பிறகு, தனக்கும் அந்தப் படம் ஒன்று வேண்டும், கொஞ்சம் பெரிதாக எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். அடுத்த கூட்டத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.