யாரை எடுப்பது, யாரை விடுவது?

கொல்கத்தாவில் கால்பந்து சீசன் டீக்கடையில்தான் தொடங்குகிறது. காகிதத்தில் அணி சேர்க்கும் ரசிகர்களின் சண்டைக்குள் இந்தியக் கால்பந்தின் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது.

ஜூலை மாத மழையில் கொல்கத்தா மைதானின் புல்தரை சேறாகிக் கிடக்கும். தேசிய லீக் தொடங்க வழக்கமாக இன்னும் சில மாதங்கள் இருக்கும். ஆனால் ஈஸ்ட் பெங்கால் கிளப் வாசலில் இருக்கும் டீக்கடைகளில் சீசன் அதற்குள் சூடு பிடித்திருக்கும். மண் குவளையில் டீ, கையில் நாலாக மடித்த செய்தித்தாள். அதன் ஓரத்தில் பேனாவால் எழுதிய பதினொரு பெயர்கள். அதில் இரண்டு அடிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பக்கத்தில் கேள்விக்குறி.

"லெஃப்ட் பேக் இல்லாமல் எப்படி தாதா?" என்பார் ஒருவர். "முதலில் கோல் போட ஆள் வேண்டும், தடுப்பதை அப்புறம் பார்க்கலாம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டையும் தள்ளிவிட்டு, பயிற்சியாளரையே மாற்ற வேண்டும் என்பார். டீ ஆறும். விவாதம் ஆறாது. இதே காட்சி கொஞ்ச தூரம் தள்ளி மோகன் பகான் வாசலிலும் நடக்கும். கொச்சியில், கோவாவில், பெங்களூரில், சென்னையில் கடையும் மொழியும் மாறும். கேள்வி மட்டும் மாறாது: இந்த வருஷம் யாரை எடுப்பது, யாரை விடுவது?

வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஈஸ்ட் பெங்கால் என்ற கிளப் பிறந்ததே இப்படி ஒரு சண்டையில்தான். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்துக்கு ஜோராபகான் அணி தேர்வானபோது சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் விடப்பட்டார். கிளப்பின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சவுத்ரி அவரைச் சேர்க்கும்படி கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1 அன்று புதிய கிளப் உருவானது. ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து அடித்ததன் விலை, ஒரு நூற்றாண்டுப் பகை.

தெற்கிலிருந்து வந்த ஐவர்

ஈஸ்ட் பெங்கால் என்றால் இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்த 'பாங்கால்' மக்களின் அணி. மோகன் பகான் மேற்கு வங்கத்துப் பூர்வ குடிகளான 'கோட்டி'களின் அணி என்பது ஊரறிந்த பிரிவினை. முன்னது ஜெயித்தால் இலிஷ் மீனுக்குக் கிராக்கி, பின்னது ஜெயித்தால் இறாலுக்கு.

ஆனால் ஈஸ்ட் பெங்காலின் முதல் பொற்காலத்தைக் கட்டியவர்கள் இலிஷ் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அல்ல. பெங்களூரிலிருந்து அகமது கான், தன்ராஜ், வெங்கடேஷ். ஆந்திரத்திலிருந்து அப்பாராவ். கேரளத்திலிருந்து சாலே. கிளப்பின் செயலாளராக இருந்த ஜோதிஷ் சந்திர குஹா அன்றைய தேவை எது என்று கணக்குப் போட்டு ஊர் ஊராகத் தேடிப் பிடித்த தாக்குதல் வரிசை இது. 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் பெற்ற இந்த ஐவரின் காலத்தில் 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது. கூடாரத்துக்குள் வந்துவிட்டால் தெற்கத்திக்காரனும் பாங்கால்தான். ஆள் எடுப்பதில் கொல்கத்தா ரசிகன் ஊர் பார்ப்பதில்லை, கால் பார்க்கிறான்.

அந்தக் காலத்துக் கட்சித் தாவலுக்கு வங்காளியில் 'தொல் பொதொல்', அதாவது அணி மாற்றம் என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட சில நாட்களில், ஆட்டக்காரர்கள் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தைய இரவுகள்தான் சுவாரசியமானவை. எதிரணி ஆட்கள் கண்ணில் படாமலிருக்க, ஆட்டக்காரர்களை விடுதிகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் ஒளித்து வைப்பார்கள். கையெழுத்து விழும்வரை எவனும் எந்த அணிக்கும் சொந்தமில்லை. ஈஸ்ட் பெங்காலின் ஜீவன் சக்கரவர்த்தி, பல்டு தாஸ் இருவரும் இந்தக் கலையில் பேர் எடுத்தவர்கள். 1985ல் மோகன் பகானிலிருந்து கிருஷாணு தேயும் விகாஷ் பாஞ்சியும் ஜோடியாக ஈஸ்ட் பெங்காலுக்குத் தாவியது பற்றி இன்றும் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள்.

ஆள் போனால் குடி மூழ்கிவிடும் என்பதும் இல்லை. 1980ல் ஈஸ்ட் பெங்காலின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கூண்டோடு முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குப் போய்விட்டார்கள். காலியான கூடாரத்துக்குள் நுழைந்தவர்கள் அலிகர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரானியர்கள். அவர்களில் ஒருவர் மஜீத் பிஷ்கர். கொல்கத்தா பார்த்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் இவர்தான் தலைசிறந்தவர் என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. அந்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானுடன் பகிர்ந்துகொண்டது.

அதே 1980க்கு இன்னொரு முகமும் உண்டு. ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இரு அணிகளும் மோதியபோது ஏற்பட்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். விளையாட்டுப் பேச்சு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கொல்கத்தா அன்று கற்றுக்கொண்டது.

மேஜையில் பெயர்ச் சீட்டு

ஒளித்து வைப்பதும் கடத்துவதும் போய், ஆள் எடுப்பது மும்பை ஓட்டல் அறைக்கு வந்தது 2014ல். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, இந்திய ஆட்டக்காரர்களைப் பங்கிட அமெரிக்கப் பாணியில் 'டிராஃப்ட்' முறை கொண்டுவரப்பட்டது. அமெரிக்கக் கால்பந்தில் 1936ல் தொடங்கிய ஏற்பாடு இது. பணக்கார அணியே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போகாமலிருக்க, கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் தேர்வு என்பது அதன் தத்துவம். தத்துவம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே முதன்முதலாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். டிராஃப்டுக்குக் கிடைத்த முதல் பாடமே, பெயரை எடுப்பது வேறு, ஆட்டத்தை எடுப்பது வேறு என்பதுதான்.

இந்தியாவிலும் அதே கதை. 2015ல் டிராஃப்டோடு ஏலமும் சேர்ந்தது. சுனில் சேத்ரியை மும்பை 1.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2017 ஜூலை 23 அன்று நடந்த டிராஃப்டில் புதிய அணியான ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக மலப்புரத்து ஸ்டாப்பர் அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடிக்கு எடுத்தது. அதே விலைக்குக் கொல்கத்தா அணி எடுத்த யூஜின்சன் லிங்டோ காயத்தால் அந்த சீசனின் பெரும்பகுதியை இழந்தார். அனஸும் ஓராண்டில் கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போய்விட்டார்.

அதுவே கடைசி டிராஃப்ட். அதன் பிறகு ஆட்டக்காரர்கள் கிளப்புகளுடன் நேரடியாக ஒப்பந்தம் பேசத் தொடங்கினார்கள். தொல் பொதொல் திரும்பி வந்தது, இந்த முறை ஏஜெண்டுகளுடனும் வக்கீல்களுடனும். 2024ல் ஸ்டாப்பர் அன்வர் அலி மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது பழைய நாட்களே திரும்பியதுபோல ஊர் இரண்டுபட்டது. கால்பந்து சம்மேளனத்தின் குழு 4 மாதத் தடை, 12.90 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. முன்பு ஐ.எஃப்.ஏ. அலுவலக வாசலில் காத்திருந்த ரசிகர்கள், இப்போது கோர்ட் செய்திக்காகக் காத்திருந்தார்கள்.

காணாமல் போன சென்டர் ஃபார்வர்டு

டீக்கடைப் பட்டியல்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கோலி இந்தியர். இரு ஓரங்களிலும் இந்தியர். தடுப்பில் ஒருவராவது இந்தியர். ஆனால் நடுவில், கோல் போட வேண்டிய இடத்தில், ரசிகன் யோசிக்காமல் எழுதுவது ஒரு வெளிநாட்டுப் பெயரை.

ரசிகனைக் குறை சொல்ல முடியாது. கிளப்புகளே அப்படித்தான் நினைக்கின்றன. இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் 11 சீசன்களிலும் அதிக கோல் போட்டவர் வெளிநாட்டவர்தான். 2014ல் சென்னையின் எலானோ தொடங்கி 2024-25ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டின் அலாவுதீன் அஜாரை வரை பட்டியலில் ஒரு இந்தியப் பெயர்கூட இல்லை. 2021-22 சீசனிலிருந்து ஒரு அணி களத்தில் 4 வெளிநாட்டவரை மட்டுமே நிறுத்தலாம் என்று விதி மாறியது. ஏழு இந்தியர்களுக்கு இடம் உறுதி. ஆனால் எந்த ஏழு இடம் என்பதை விதி சொல்லவில்லை. தோற்றால் பயிற்சியாளரின் வேலை போகும்; கோல் போடும் பொறுப்பை இருபது வயது இந்தியப் பையனிடம் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அதன் விலையை நாடு கொடுக்கிறது. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராகக் கண்ணீரோடு விடைபெற்ற சுனில் சேத்ரியை, ஒன்பது மாதத்தில் மீண்டும் அழைக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 40. அப்படியும் 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இந்தியா இழந்தது.

வெளிநாட்டுப் பெயர் என்றால் கோல் நிச்சயம் என்பதும் கிடையாது. 2023-24ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக 13 கோல் அடித்து முதலிடம் பிடித்த கிரேக்கர் டிமிட்ரியஸ் டயமண்டகோஸை அடுத்த சீசனில் ஈஸ்ட் பெங்கால் எடுத்தது. கொல்கத்தா கொண்டாடியது, கொச்சி புலம்பியது. முடிவில் அவர் பழைய கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. ஈஸ்ட் பெங்கால் வழக்கம்போல ஒன்பதாவது இடத்தில் முடித்தது.

கிளப் யாருடையது?

இந்த விவாதங்களுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் ஓடுகிறது. ரசிகன் பேச்சுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

2021 ஜூலையில் முதலீட்டாளருடனான ஒப்பந்தத் தகராறு இழுத்துக்கொண்டே போனபோது, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கிளப் வாசலில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஆள் எடுக்க வேண்டிய மாதங்கள் பேச்சுவார்த்தையிலேயே கரைந்தன. கடைசி நேரத்தில் சேர்த்த அணி அந்த சீசனில் 20 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே ஜெயித்துக் கடைசி இடத்தைப் பிடித்தது. டீக்கடைக்காரர்கள் ஜூலையிலேயே சொன்னதுதான் மார்ச்சில் நடந்தது.

மறுபக்கத்தில் மோகன் பகான் ரசிகர்கள் தங்கள் கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்ட மூன்றெழுத்தை எடுக்கச் சொல்லி விடாமல் போராடினார்கள். 2023ல் அது எடுக்கப்பட்டது. அணித் தேர்வில் இல்லாவிட்டாலும் பெயரிலாவது ரசிகன் ஜெயித்தான்.

2025 ஜூலையில் லீக்கையே நிறுத்தி வைக்கும் நிலை வந்தபோது விவாதத்தின் தொனி மாறியது. சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததுதான் காரணம். சில அணிகள் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. யாரை எடுப்பது என்று பேசிய வாய்கள், எடுத்தவர்களுக்குச் சோறு யார் போடுவது என்று பேசின. காகிதத்தில் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருப்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

மூன்றாவது வரியில் ஒரு பெயர்

2017 டிராஃப்டில் டெல்லி டைனமோஸ் எடுத்தவர்களில் சென்னைப் பையன் ஒருவரும் இருந்தார்: நந்தகுமார் சேகர். அன்று கோடிகளில் பேசப்பட்ட பெயர் அல்ல. டெல்லி அணி ஒடிசாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் போனார். 2023ல் ஒடிசா சூப்பர் கோப்பை வென்றபின் ஈஸ்ட் பெங்கால் அவரை எடுத்தது.

அந்த ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகான் எதிரே நின்றது. 2019 ஜனவரிக்குப் பிறகு இந்த மோதலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்ததே இல்லை. 60வது நிமிடத்தில் வலப்பக்கமிருந்து உள்ளே வெட்டி நந்தகுமார் இடது காலால் அடித்த பந்து வலையில் விழுந்தது. 1-0. நாலரை வருஷத்துக் கடன் தீர்ந்தது. 2024 ஜனவரி 28 அன்று புவனேஸ்வரில், தன் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிரான சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் சமன் செய்த கோலையும் அவர்தான் அடித்தார். 3-2 என்று ஜெயித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 12 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய அளவில் ஒரு கோப்பை.

பஞ்ச பாண்டவர் காலத்திலிருந்து எழுபது ஆண்டுகள் தாண்டியும், ஈஸ்ட் பெங்காலின் தேவைக்கு விடை தெற்கிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் அடுத்த ஜூலையில் அதே டீக்கடைகளில் நந்தகுமாரை எந்த இடத்தில் ஆட வைப்பது, அவருக்குப் பின்னால் யார், அவருக்கு முன்னால் யார் என்று மறுபடி தொடங்கிவிட்டார்கள். அந்தக் காகிதத்தில் நடு முன்வரிசையில் மட்டும் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு இந்தியப் பெயரைத் தயங்காமல் எழுதும் நாளுக்காகத்தான் டீ ஆறிக்கொண்டிருக்கிறது.