நகர மண்ணுக்கு மீண்டும் உயிர்

நகரங்கள் வளருந்தோறும் நடைபாதை, வாகன நிறுத்துமிடம், கட்டட முற்றம் ஆகிய அனைத்தும் சிமெண்டினாலும் தாரினாலும் மூடப்படுகின்றன. இதனால் நேரும் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. சிமெண்டுத் தளத்தில் விழும் மழையில் பத்தில் எட்டுப் பங்கு வழிந்தோடிவிடும். புல்வெளியிலிருந்து வழிவதோ பொதுவாக மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே, மேட்டில் உள்ளவர் தம் முற்றத்தை மூடினால், அதன் விலையைப் பள்ளத்தில் வாழ்பவர் செலுத்த நேரிடுகிறது.

குன்றுகள் சூழ்ந்த புனே நகரம் இதனை அனுபவத்தில் அறிந்தது. 2019 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு பெய்த பெருமழையில், காத்ரஜ் பகுதியிலிருந்து இறங்கி வரும் ஆம்பில் ஓடை கரைபுரண்டது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருமழையை மனிதனால் தடுக்க இயலாது. ஆனால், நீர் உறிஞ்சும் நிலத்தைக் காக்க இயலும்.

அதற்கான வழியையும் இதே நகரம் காட்டியுள்ளது. வார்ஜே பகுதியில் வனத்துறைக்குச் சொந்தமான 16.8 ஹெக்டேர் தரிசுக் குன்றில், மாணவர்களும் முதியோரும் உள்ளிட்ட பொதுமக்கள் மரம் வளர்த்தனர். 2020ஆம் ஆண்டளவில் அங்கு 65,000க்கு மேற்பட்ட மரங்களும் 5 குளங்களும் இருந்தன. அவ்வாண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, ஐந்தாண்டுகளில் 200 நகர வனங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்த மத்திய அரசு, வார்ஜேயை முன்மாதிரியாகக் கொண்டது.

தரிசு நிலத்தில் நிகழ்ந்தது தளமிட்ட நிலத்திலும் இயலும். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் 2008 முதல் தொண்டர்கள் கடப்பாரை கொண்டு தார்த்தளங்களைப் பெயர்த்துத் தோட்டங்களாக்கி வருகின்றனர். நம் நாட்டில், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டை அகற்றுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது.

எனினும், தளத்தைப் பெயர்ப்பது பணியின் தொடக்கமே. அடியில் இறுகிக் கிடக்கும் சல்லியை நீக்கி, மண்ணைக் கிளறி, மக்கிய எருவிட வேண்டும். புதைந்துள்ள குடிநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றின் தடத்தை முன்னரே அறிதல் அவசியம். நட்ட கன்றுகள் வேரூன்றும்வரை கோடைதோறும் நீர் ஊற்றவும் வேண்டும்.

உழைப்பைத் தொண்டர்கள் தருவர். ஆனால் நில உரிமை, அனுமதி, நீர் வசதி, தொடர் பராமரிப்பு ஆகியவை நிருவாகத்தின் பொறுப்பு. நடுவிழா நாளின் ஆர்வத்தைக் கொண்டு இத்தகைய பணிகளை மதிப்பிடுதல் தகாது; மூன்றாம் ஆண்டில் எத்தனை கன்றுகள் உயிருடன் உள்ளன என்பதே சரியான அளவுகோலாகும்.