எங்கே துளை போடுவது?

டோக்கியோவின் ட்சுகிஜி மீன் சந்தைக்கு வயதாகியிருந்தது, இடமும் போதவில்லை. அதை டோயோசு என்ற பகுதிக்கு மாற்றுவதென்று 2001-ல் நகர அரசு முடிவெடுத்தது. கடலைத் தூர்த்து உருவாக்கிய சுமார் 40 ஹெக்டேர் நிலம் அது. சிக்கல் அதன் பழைய வாழ்க்கையில் இருந்தது. 1956 முதல் 1988 வரை டோக்கியோ கேஸ் நிறுவனத்தின் எரிவாயு ஆலை அங்கே இயங்கியது; நிலக்கரியிலிருந்தும் எரிவாயு தயாரித்தார்கள். நிலக்கரியைச் சூடாக்கினால் வாயுவோடு தாரும் பென்சீனும் வரும். வாயுவைச் சுத்திகரிக்கும்போது சயனைடு கழிவு சேரும். பல வருடம் இந்த வேலை நடந்த மண்ணில்தான் மீன் சந்தை வரவிருந்தது.

இப்படிப்பட்ட நிலத்தைச் சோதிக்கும் வேலை துளையிடும் வண்டியில் தொடங்குவதில்லை, பழைய காகிதங்களில் தொடங்குகிறது. உலை எங்கே இருந்தது, தார்த் தொட்டி எங்கே, குழாய்கள் எந்த வழியாகப் போயின, கழிவை எந்த மூலையில் கொட்டினார்கள்? ஜப்பானிய முறையில் இந்த வரலாற்றை வைத்தே நிலத்தைப் பிரிக்கிறார்கள். மாசு இருக்க வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். வாய்ப்புக் குறைந்த இடத்தில் முப்பது மீட்டர் கட்டம்.

டோயோசுவில் 2008-ல் நிபுணர் குழுவின் மேற்பார்வையில் பத்து மீட்டர் கட்டமாக 4,122 இடங்களில் சோதித்தார்கள். ஓரிடத்து மண்ணில் பென்சீன், அனுமதித்த அளவைப்போல் 43,000 மடங்கு இருந்தது. நிலத்தடி நீரில் 10,000 மடங்கு. கட்டத்தைப் பெரிதாக்கியிருந்தால் அந்த ஓரிடம் இரண்டு துளைகளுக்கு நடுவே தப்பியிருக்கக்கூடும். செலவைக் குறைக்கத் துளைகளின் எண்ணிக்கையில் கைவைப்பவர்கள் இந்த ஓரிடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மண்ணை எடுத்த பிறகும் கவனம் தேவை. பென்சீன் காற்றில் பறந்துவிடும். மண்ணைச் சாடியில் வாய்வரை நிரப்பி, உடனே மூடி, குளிரில் வைக்காவிட்டால் ஆய்வகம் ‘சுத்தம்’ என்று சான்று கொடுத்துவிடும். நிலத்தடி நீரைச் சோதிக்கும் கண்காணிப்புக் கிணற்றிலும் அப்படித்தான்: தேங்கிக் கிடக்கும் நீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறும் நீரைத்தான் எடுக்க வேண்டும். நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். பெட்ரோல் போன்றவை நீரின்மேல் மிதக்கும், குளோரின் கலந்த கரைப்பான்கள் அடியில் இறங்கும். ஆகவே எந்த ஆழத்தில் நீரை எடுக்கிறோம் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

சோதனை நன்றாக நடந்தும் டோயோசு தலைகுனிய நேர்ந்தது. இரண்டு மீட்டர் மண்ணை மாற்றி, மேலே இரண்டரை மீட்டர் சுத்தமான மண் போடுவது நிபுணர்கள் சொன்ன திட்டம். முக்கியக் கட்டடங்களுக்கு அடியில் அந்த மண்ணே இல்லை, வெறும் கான்கிரீட் வெற்றிடம்தான் இருக்கிறது என்பது 2016 செப்டம்பரில் வெளியே வந்தது. நிபுணர் குழுத் தலைவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. 2017 ஜனவரியில், 201 கண்காணிப்பு இடங்களில் ஒன்றின் நிலத்தடி நீரில் பென்சீன் அனுமதித்த அளவைப்போல் 79 மடங்கு என்று முடிவு வந்தது. டோக்கியோ ஆளுநர் கொய்கே ஏற்கெனவே இடமாற்றத்தை நிறுத்தி வைத்திருந்தார். மண்ணுக்கான பணிகள் மட்டுமே சுமார் 8,600 கோடி யென் விழுங்கின. சந்தை 2018 அக்டோபர் 11 அன்றுதான் திறந்தது.

குற்றம் அறிவியலுடையது அல்ல. போட்ட திட்டத்தை யாரிடமும் சொல்லாமல் மாற்றியதுதான் மக்களின் நம்பிக்கையைக் கெடுத்தது.

பழைய ஆலையோ பெட்ரோல் பங்கோ இருந்த நிலத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள், ‘மண் பரிசோதனை செய்தாகிவிட்டது’ என்ற ஒரு வரியோடு திருப்தி அடைய வேண்டாம். அந்தப் பரிசோதனை அஸ்திவாரத்தின் தாங்குதிறனுக்கா, மாசுக்கா என்று முதலில் கேளுங்கள். மாசுக்குத்தான் என்றால், பழைய தொழிற்சாலை வரைபடத்தின்மேல் ஒவ்வொரு துளையும் குறிக்கப்பட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.