இன்ஹேலரைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளில் இறகுத் துகளும் தீவனத் தூசியும் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடியும் காற்றோடு கலந்தே கிடக்கின்றன. லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்ட் அடிக்கும்போது பறக்கும் ஐசோசயனேட், வேலையால் வரும் ஆஸ்துமாவுக்குப் பேர்போன காரணம். ஆனால் தூசியும் ஆவியும் நோயைக் கிளப்பிவிடுபவைதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நீடிக்கும் அழற்சியே நோய். இழுப்பு வந்ததும் அடித்துக்கொள்ளும் சால்பியூட்டமால், இறுகிய தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. அதனால்தான் கினா எனும் உலக ஆஸ்துமா அமைப்பு, அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்று 2019-இல் சொன்னது.

‘ஸ்டீராய்டா? பழகிவிடுமே!’ என்பார்கள். பயம் நியாயம்தான், ஆனால் தப்பான இடத்தில் விழுந்த பயம். பியூடசோனைடு எனும் ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு இழுப்புக்குப் பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான். இதற்குப் பயந்தவரே மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரையோ 5, 10 மில்லிகிராம், பல மடங்கு அதிகம். அது உடம்பு முழுக்கச் சுற்றும். இன்ஹேலருக்குப் பின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்பூஞ்சைத் தொல்லையும் குறையும்.

தூசிக்கும் ஆவிக்கும் பயந்து பிழைப்பை விட்டுவிட முடியுமா என்றால், எல்லோராலும் முடியாது. ஆனால் லீவு நாளில் இலகுவாகும் மூச்சு, வேலைக்குப் போனதும் மறுபடி இறுகினால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு பெயிண்ட் ஆவியைத் தடுக்காது.