கண்ணாடிக்குள் எழுதும் ஒளி

கண்ணாடி வளையல் வாங்குகிறோம். அதன் மேல் பூ வரைந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பூ உதிர்ந்துவிடும். ஏன்? அது கண்ணாடியின் மேலே வரைந்த பூ.

கண்ணாடியின் மேல்பக்கத்தைத் தொடாமல், அதன் உள்ளே கோடு போட முடியுமா? முடியும். அதற்கு ஒளிதான் பேனா. அந்த ஆராய்ச்சி பெங்களூரிலும் நடந்தது. அந்தக் கதை இது.

பெங்களூரில் மல்லேஸ்வரத்துக்கும் யஷ்வந்த்பூருக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. அதன் பெயர் இந்திய அறிவியல் கழகம். 1909ஆம் ஆண்டு தொடங்கியது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் முயற்சியால் வந்ததால் ஊர்க்காரர்கள் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்றே சொல்வார்கள். ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் 1933இல் இங்கேதான் இயக்குநராக வந்தார்.

இங்கே பேராசிரியராக இருந்தவர் எஸ். அசோகன். அவருடைய ஆராய்ச்சி கண்ணாடியில்தான் தொடங்கியது. ஆனால் அது நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி அல்ல.

ஜன்னல் கண்ணாடி மணலிலிருந்து வருகிறது. அசோகன் ஆராய்ந்த கண்ணாடியில் மணல் இல்லை. கந்தகம், செலினியம், டெல்லூரியம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். இவற்றில் ஒன்றோடு ஜெர்மானியம் போன்ற பொருளைச் சேர்த்து உருக்கினால் புதுவகைக் கண்ணாடி கிடைக்கும். சில வகை மஞ்சளாக இருக்கும். சில வகை கரிபோலக் கறுப்பாக இருக்கும். கறுப்பாக இருந்தால் அது எப்படிக் கண்ணாடி என்று கேட்கலாம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் புகாது. கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளி புகுந்து போகும்.

இதைச் செய்வது சமையல் போலத்தான். ஆனால் கை கொஞ்சம் தவறினாலும் கெட்டுவிடும். பொருள்களை நிறுத்து, ஒரு சிறு குவார்ட்ஸ் குழாயில் போடுகிறார்கள். குழாயிலிருந்து காற்றை வெளியே எடுத்துவிட்டு, வாயை உருக்கி மூடுகிறார்கள். காற்று இருந்தால் பொருள் கெட்டுப்போகும். பிறகு குழாயை உலையில் வைத்து, ஒரு நாளுக்கும் மேலாகச் சுழற்றிக்கொண்டே சூடாக்குகிறார்கள். உள்ளே எல்லாம் உருகி ஒன்றாகக் கலக்கும். பிறகு குழாயை எடுத்துச் சட்டென்று பனிக்கட்டித் தண்ணீரில் போடுகிறார்கள்.

ஏன் சட்டென்று? மெதுவாக ஆறவிட்டால் அணுக்கள் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். கற்கண்டு போலப் படிகம் ஆகிவிடும். திடீரென்று குளிர்ந்தால் அடுக்கிக்கொள்ள நேரம் இருக்காது. நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். அப்படித் தாறுமாறாக உறைந்ததுதான் கண்ணாடி.

இந்தக் கண்ணாடியில் ஒரு கேள்வி இருந்தது. டெல்லூரியம் அணுவுக்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்வோம். அது பக்கத்தில் இரண்டு அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மானியத்துக்கு நான்கு கைகள். கைகள் குறைவாக இருந்தால் கண்ணாடி தொளதொளவென்று இருக்கும். கைகள் கூடினால் இறுகும். பந்தல் போடுகிறவர்களுக்கு இது தெரியும். குறுக்குக் கழி போதாவிட்டால் பந்தல் ஆடும். தேவையான அளவு கட்டினால் அசையாமல் நிற்கும். அந்தத் 'தேவையான அளவு' கண்ணாடியில் எது?

அமெரிக்காவில் ஃபிலிப்ஸ் என்பவர் 1979இல் கணக்குப் போட்டு இதற்கு வழி காட்டினார். ஓர் அணுவுக்குச் சராசரியாக 2.4 கைகள் இருக்கும் இடம்தான் எல்லை என்று கணக்குச் சொன்னது. நூறு அணுக்களில் 20 ஜெர்மானியம், 80 டெல்லூரியம் என்று கலந்தால் சரியாக 2.4 வரும். கூட்டிப் பார்க்கலாம். இருபதை நான்கால் பெருக்கினால் 80. எண்பதை இரண்டால் பெருக்கினால் 160. மொத்தம் 240 கைகள், நூறு அணுக்களுக்கு.

கணக்கு காகிதத்தில் சரி. கண்ணாடியில்? அசோகன், பிரசாத், பார்த்தசாரதி, பேராசிரியர் ராஜகோபால் ஆகியோர் இந்த எல்லையைப் பற்றிய தங்கள் சோதனை முடிவுகளை 1989இல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். பெங்களூர் உலையில் உருக்கிய கண்ணாடி உலகத்துக்குப் பதில் சொன்னது.

இனி ஒளிப் பேனாவுக்கு வருவோம்.

லேசர் என்பது சிதறாமல் நேராகப் போகும் ஒளி. முதல் லேசர் 1960இல் வந்தது. அந்த ஒளியை மிக மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி அனுப்பும் கருவிகள் பிறகு வந்தன. எவ்வளவு சிறிய துண்டு? ஒளி ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படி ஓடும் ஒளி, இந்தத் துண்டு நேரத்தில் ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது. கண் இமைக்கும் நேரம் இதற்கு முன்னால் ஒரு யுகம். இத்தகைய துண்டுகளுக்குப் பெரும் வலிமை தரும் வழியை டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண்ணும் ஜெரார்ட் மூரூவும் 1985இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2018இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

இந்த ஒளியை ஒரு லென்ஸ் வழியாகக் கண்ணாடிக்குள் குவிக்கிறார்கள். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிக்கிறோமே, அதுபோல. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே மேல்பக்கம் ஒன்றும் ஆகாது. உள்ளே, ஒளி குவியும் புள்ளியில் மட்டும் கண்ணாடி மாறும்.

ஏன் அங்கே மட்டும்? ஓர் ஆட்டுக்கல்லை ஒருவர் தூக்கப் பார்க்கிறார். அசையவில்லை. ஒருவர் போய் இன்னொருவர் வந்தாலும் அசையாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கைவைத்தால் எழும்பும். ஒளியும் பொடிப்பொடியாக வருகிறது. தனித்தனியாக வந்தால் கண்ணாடி அதைக் கண்டுகொள்ளாமல் வழிவிடும். பல பொடிகள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்து தாக்கினால்தான் கண்ணாடி மாறும். அப்படிச் சேருவது குவியும் புள்ளியில் மட்டுமே. துண்டு மிகச் சிறியது. அதனால் சூடு பரவுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஈர விரலால் இஸ்திரிப் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறோமே, அதுபோல.

எழுதும்போது இந்தப் பேனா அசையாது. தாள்தான் அசையும். அதாவது லேசர் நிற்க, கண்ணாடியை மெல்ல நகர்த்துகிறார்கள். உள்ளே கோடு விழுகிறது. அந்தக் கோட்டில் ஒளி வளையும் அளவு வேறு. அதனால் கோட்டுக்குள் விட்ட ஒளி வெளியே போகாது. வரப்புக்குள் ஓடும் தண்ணீர்போல அதிலேயே ஓடும். 1996இல் ஜப்பானில் ஹிராவோ குழுவினர் கண்ணாடிக்குள் இப்படி ஒளிக்கு வாய்க்கால் வெட்டிக் காட்டினார்கள்.

அசோகன் குழுவும் ஸ்காட்லாந்தில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் அஜோய் கர் குழுவும் சேர்ந்து, கந்தகக் குடும்பக் கண்ணாடிகளில் இந்த வாய்க்கால்களை எழுதின. ஒரு கண்ணாடியில் எர்பியம் என்ற பொருளையும் சிறிது கலந்திருந்தார்கள். 2012இல் அந்த வேலை வெளிவந்தது.

எர்பியம் எதற்கு? தொலைபேசிப் பேச்சு இன்று கண்ணாடி இழை வழியாக ஒளியாகப் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் அப்படி ஓர் இழைக் கம்பி 2002இல் வந்தது. தூரம் போகப் போக ஒளி மங்கும். எர்பியம் கலந்த கண்ணாடி வழியே வேறோர் ஒளியின் துணையோடு அதை அனுப்பினால் மறுபடி பலம் பெறும். அந்த வேலையைச் சிறு கண்ணாடித் துண்டுக்குள் எழுதிய ஒரு கோடு செய்ய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

அசோகனின் ஆராய்ச்சிக்கூடம் இன்னொரு வகை எழுத்திலும் இறங்கியது. இது இழைக்குள் எழுதுவது. கண்ணாடி இழை முடியைவிடச் சற்றே தடிமன். அதற்குள் லேசரால் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் போடுகிறார்கள். ஒரு முடியின் அகலத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கோடுகள்! ஒளி இப்படி இழையை மாற்றும் என்பது 1978இல் கனடாவில் ஹில் என்பவர் கண்டது. இந்தக் கோடுகள் ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழையைச் சிறிது இழுத்தால் கோடுகளுக்கு நடுவே இடம் கூடும். திரும்பும் நிறமும் மாறும். நிறத்தைப் பார்த்து, எவ்வளவு இழுபட்டது என்று சொல்லிவிடலாம்.

இதைக் கொண்டு பெங்களூரில் பலவற்றை அளந்து பார்த்தார்கள். பல் கடிக்கும் விசையை அளந்தார்கள். நிற்கும்போது பாதம் எப்படி அழுந்துகிறது என்று அளந்தார்கள். நெஞ்சில் வைத்து மூச்சையும் இதயத் துடிப்பையும் ஒன்றாக அளந்தார்கள். நோயாளியின் உடம்பைத் தொடும் இடத்தில் மின்சாரமே கிடையாது. இழை மட்டும்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து காட்டுவது ஒன்று, ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வது வேறு. நடுவில் விலை இருக்கிறது, பழக்கம் இருக்கிறது.

மணிக்கட்டில் நாடி பார்ப்பதும் அப்படித்தான். வைத்தியர் விரல் வைக்கும் இடத்தில் இழை படுகிறது. நாடி ஒவ்வொரு முறை எழும்போதும் தோல் எழும்புகிறது. இழை இழுபடுகிறது. கணினித் திரையில் ஒரு கோடு ஏறுகிறது. நாடி அடங்கும்போது அந்தக் கோடும் இறங்குகிறது.